நாக்கு நீட்டாத பூட்டு

அத்தியாயம் 9

போன வாரம் கஸ்பாரை அவர் வீட்டு வாசலிலேயே, மீன் பையும் கையுமாக உட்கார வைத்துவிட்டு வந்தோம். மனிதர் ஒரு வாரமாக அங்கேயே கிடக்கிறாரோ என்று யாரும் கவலைப்பட வேண்டாம். அன்றைக்கே கதவு திறந்துவிட்டது. அதற்குள் பையிலிருந்த சங்கரா கெட்டுப்போயிருந்தது. அதைவிட மோசமாக, அப்பனுக்கும் மகனுக்கும் இடையில் இருந்த பேச்சும் கெட்டுப்போனது.

இந்த வாரம் புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. கஸ்பார், துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களின் வடத்தை வாங்கிக் கட்டும் வேலையில் தலை நரைத்து ஓய்வு பெற்றவர். மனைவி சிலுவையம்மாள் போய்ச் சேர்ந்த பிறகு, ராயபுரத்தில் ஒரு சந்துக்குள் முதல் மாடி வீட்டில் தனியாக இருக்கிறார். ஒரே மகன் சைமன், காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். அவனும் மனைவி ஜானட்டும் மகள் சாண்ட்ராவும் திருவொற்றியூரில் வாடகை வீட்டில்.

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு கஸ்பார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். வாசல் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. கடப்பாரை வைத்துப் பெயர்த்துத்தான் உள்ளே போனார்கள். அதற்கப்புறம் சைமன் தாழ்ப்பாளையும் பழைய பூட்டையும் கழற்றிவிட்டு, பேட்டரியில் ஓடுகிற புதுப் பூட்டு ஒன்றை ஆள் வைத்து மாட்டினான். விரலை வைத்தால் திறக்கும், எண்ணைப் போட்டால் திறக்கும், சைமன் கிரேன் மேலே உட்கார்ந்துகொண்டு போனைத் தட்டினாலும் திறக்கும்.

அப்போது இரண்டு பேருக்கும் ஓர் ஒப்பந்தம். பூட்டு ஒழுங்காக இருக்கிறவரை கஸ்பார் தன் வீட்டில் இருக்கலாம். அது மக்கர் செய்தால் மகன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

பூட்டு மூன்று தரம் செத்தது. மூன்றாவது தரம்தான் போன வாரம். கஸ்பார் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்து விரலை வைக்கிறார், பூட்டில் உயிரில்லை. அவசரத்துக்கென்று கொடுத்த சாவி, வீட்டுக்குள் மாதா படத்துக்குப் பக்கத்து ஆணியில் என்றார். எதிர்வீட்டு கமாலுதீன் பாய் ஸ்டூல் போட்டு, தேநீர் கொடுத்து, சைமனுக்குப் போன் செய்தார். சைமன் வேலையைப் பாதியில் விட்டு, எண்ணூர் நெடுகிலும் டாங்கர் லாரிகளுக்கு நடுவில் ஊர்ந்து வந்து, தன்னிடம் இருந்த இன்னொரு சாவியால் திறந்து, புதுப் பேட்டரி போட்டுவிட்டு, ஒரே ஒரு வார்த்தை சொன்னான்.

"சனிக்கெயம வண்டி எட்துனு வரேன். மூட்டையக் கட்டு."

இன்றைக்குச் சனிக்கிழமை.

ஜானட் காலையிலேயே வந்துவிட்டாள், இரண்டு கோணிப்பையும் ஒரு பந்து நைலான் கயிறும் எடுத்துக்கொண்டு. படியேறி விரலை வைத்தாள். கதவு திறந்தது. கஸ்பார் நாற்காலியில் உட்கார்ந்து அவள் கையிலிருந்த கயிற்றைத்தான் முதலில் பார்த்தார்.

"வாம்மா. இன்னாத்த மொதல்ல கட்டப் போற? கட்டிலயா, என்னியா?"

"நீங்க வேற, மாமா. சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேன். வெட்டறதுக்கு முன்னாடி ஆட்டுக்குத் தழ போடுவாங்க இல்ல."

ஜானட் கயிற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அவர் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை என்பதுதான் உண்மை.

அவள் கெட்டவள் அல்ல. மாமனார் விழுந்தபோது மருத்துவமனையில் அவர் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டவள் அவள்தான். ஆனாலும் அவர் தன் வீட்டுக்கு வரக்கூடாது என்று ஒரு மாதமாக ஆண்டவரிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள். இருப்பதோ இரண்டு அறை. சாண்ட்ரா பிளஸ் டூ. நேற்று இரவு அந்தப் பெண், யாரும் சொல்லாமலே, தன் அறைச் சுவரில் ஒட்டியிருந்த படங்களையும் கால அட்டவணையையும் உரித்து எடுத்துச் சுருட்டி வைத்தது. "தாத்தாவுக்கு அந்த ரூம் குடுத்துடலாம்மா, நான் ஹால்ல படுத்துக்கறேன்" என்றது. சண்டை போட்டிருந்தால்கூட ஜானட்டுக்குத் தாங்கியிருக்கும். இந்தப் பெருந்தன்மையைத்தான் தாங்க முடியவில்லை.

அதனால் காலையில் ஷேர் ஆட்டோவில் வரும்போதுகூட, ஆண்டவரே, அந்தப் பூட்டு மட்டும் சரியாகிவிட்டால் போதும் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கேட்டுவிட்டு வெட்கப்பட்டாள். மறுபடியும் கேட்டாள்.

வீடு என்றுமில்லாத அமைதியாக இருந்தது. மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். வழக்கமாக இந்த வீட்டில் மின்விசிறி கடகடவென்று சுற்றும், தொலைக்காட்சி தெருக்கோடி வரைக்கும் கேட்கும். வாழ்நாளெல்லாம் கப்பல் சங்கின் கீழே நின்ற காது, அதற்குக் குறைந்த சத்தம் எதுவும் கஸ்பாருக்குச் சத்தமே இல்லை.

ஜானட் கதவைச் சாத்தினாள். பூட்டு தானாகப் பூட்டிக்கொள்ள முயன்றது.

கொர்ர் என்றது. நின்றது. மறுபடி கொர்ர். நின்றது. மூன்றாவது தரமும் முக்கிவிட்டு, வேண்டா வெறுப்பாக அடங்கியது.

ஜானட் கயிற்றுப் பந்தைக் கீழே வைத்தாள்.

"மாமா, இது எப்பவும் இப்டிதான் சத்தம் போடுமா?"

"எது?"

"பூட்டு."

"அதுவா. அது வாயத்தான் நான் அடச்சிட்டனே."

ஜானட் தண்டையார்பேட்டையில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். வயிற்று வலி, தலைசுற்றல் என்று மருந்துச் சீட்டில்லாமல் வந்து நிற்கிறவர்களிடம் அவள் முதலில் கேட்பது ஒரே கேள்வி: எப்பத்துலருந்து? நேற்றிலிருந்தா, கல்யாண விருந்து சாப்பிட்டதிலிருந்தா, வேறு மாத்திரை போட்டதிலிருந்தா? பாதிப் பேருக்குப் பதில் சொல்லும்போதே காரணமும் புரிந்துவிடும். மருந்து வாங்காமலே திரும்பிப் போனவர்களும் உண்டு, முதலாளிக்கு அதில் வருத்தம்.

பூட்டு விஷயத்தில் இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்கவில்லை. முதல் தரம் செத்தபோது, கஸ்பார் முனைக்கடையில் வாங்கிப் போட்ட கடிகாரப் பேட்டரிதான் காரணம் என்றார்கள். சைமன் உசத்தியான பேட்டரி வாங்கிப் போட்டான். இரண்டாம் தரம், கடல் காற்றில் உள்ளே துரு ஏறிவிட்டது என்று ரப்பர் வைத்துத் தேய்த்தான். மூன்றாம் தரம் பூட்டை விட்டுவிட்டு அப்பாவைக் குற்றம் சொன்னான்.

"எப்பத்துலருந்து மாமா அது வாய அடச்சீங்க?"

கஸ்பார் தாடையைச் சொறிந்துகொண்டார். "மாட்டின புதுசுல சோக்காதான் இருந்துச்சி. தவக்காலம் பூரா ஒரு பேஜாரும் இல்ல. ஒரு பொம்பள இங்கிலீசுல எதனா சொல்லுவா, நானும் சரிம்மான்னுட்டு உள்ள வருவேன். அப்பால பெரிய வியாயக்கெயம. ராத்திரி பூச முட்ச்சிட்டு வரேன். கோயில்ல மணிகூட அடிக்கமாட்டாங்க அன்னிக்கி. ஈஸ்டர் வரிக்கும் கட்டதான் தட்டுவாங்க, உனக்குத் தெரியாதது இல்ல. நான் வந்து கதவ சாத்தறேன், இந்தக் கழுத கீ கீன்னு கத்துது. தெருவே எட்டிப் பாக்குது. ஆண்டவரு பாடுபடற ராத்திரி, கோயில் மணியே வாய மூடிகினு கீது, உனுக்கு இன்னாடி கத்தல்னு சத்தத்த அமுக்கி வுட்டுட்டேன்."

"அப்புறம் சத்தத்த திருப்பி வெக்கலியா?"

"எதுக்கு? நிம்மதியா இருந்துச்சி."

ஜானட்டுக்குச் சிரிப்பு வந்தது. பூட்டு அன்றைக்கே தனக்கு என்ன வலி என்று சொல்லியிருக்கிறது. வாயைக் கட்டிவிட்டு, ஏன் சொல்லவில்லை என்று மூன்று தரம் எல்லோரும் அதைத் திட்டியிருக்கிறார்கள்.

பூட்டுக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போன் செய்தாள். பாட்டு பாடியது, இந்தி பேசியது, கடைசியில் தமிழில் ஒரு பெண் வந்தாள். கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குரல்.

"கதவைத் திறந்து வெச்சுட்டே பூட்டிப் பாருங்கக்கா. அப்ப எப்படிப் போகுதுன்னு சொல்லுங்க."

ஜானட் கதவை அகலத் திறந்து வைத்துப் பூட்டைத் தட்டினாள். இரும்பு நாக்கு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. க்ளிக். மறுபடி தட்டினாள், உள்ளே போனது. ஒரு முக்கலும் இல்லை.

"அப்ப மோட்டார்ல ஒண்ணும் இல்லீங்க. கதவைச் சாத்துறப்பத்தான் நாக்கு எங்கியோ இடிக்குது. முழுசா நீட்ட முடியலீனா திரும்பத் திரும்ப முட்டும். பேட்டரி எல்லாம் அதுக்கே போயிரும். நிலையில இருக்கற துளையப் பாருங்க."

ஜானட் போனை வைத்துவிட்டுக் கைப்பையிலிருந்து கண் மை எடுத்தாள். நாக்கின் முனையில் தடவினாள். கஸ்பார் எழுந்து வந்து பார்த்தார்.

"அதுக்கு எதுக்கு மை? பொண்ணு பாக்க வராங்களா?"

"எங்க இடிக்குதுன்னு பாக்கறேன் மாமா."

சாத்தினாள். முக்கியது. திறந்து, நிலையில் பதித்திருந்த தகட்டைப் பார்த்தாள். விளிம்பில் எங்கும் மை இல்லை. நாக்கு துளைக்குள் நேராகத்தான் போகிறது. உள்ளே போன பிறகுதான் எதிலோ முட்டுகிறது.

போன் வெளிச்சத்தைத் துளைக்குள் அடித்தாள். பழைய பூட்டின் துளையேதான் அது. பொருத்த வந்தவர் புதிதாகக் குடையச் சோம்பல்பட்டு, மேலே தகடு மட்டும் அடித்துவிட்டுப் போயிருந்தார். ஆழத்தில் வெளுத்த மஞ்சளாக ஏதோ தெரிந்தது. கொண்டை ஊசியை எடுத்து நெளித்துவிட்டு மெதுவாகக் கொக்கிபோட்டு இழுத்தாள்.

வந்தது ஒரு சின்னச் சிலுவை. ஓலையில் மடித்தது. ஒரு பக்கம் இரும்பு குத்திக் குத்தி நசுங்கி, முனையில் கண் மை கறுப்பாக ஒட்டியிருந்தது.

குருத்தோலை.

கஸ்பார் கையை நீட்டினார். ஜானட் கொடுத்தாள். அவர் அதை முத்தமிட்டு இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். பிறகு வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது சிலுவ மடிப்பு" என்றார்.

அவர் சொன்னது சிலுவையை அல்ல, சிலுவையம்மாளை. ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிறன்று, கோயிலிலிருந்து வந்ததும் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே ஓலையைக் கிழித்து, நடுவில் இரட்டை முடிச்சுப் போட்டு, விரல் நீளத்துக்கு ஒரு சிலுவை மடிப்பாள். வாசல் பூட்டின் துளைக்குள் அதைச் செருகுவாள். கள்ளனும் வரக்கூடாது, காய்ச்சலும் வரக்கூடாது. அடுத்த வருடம் சாம்பல் புதனுக்கு முன்னால் பழசை எடுத்து, சாம்பலுக்குக் கோயிலில் கொடுத்துவிடுவாள். அவள் போன பிறகு அந்தத் துளை வெறுமனே இருந்தது. கஸ்பாருக்குக் கப்பல் வடத்தில் எத்தனை முடிச்சும் வரும், இந்த முடிச்சு வராது.

"உங்களுக்கு வராது, எனக்கும் வராது" என்றாள் ஜானட் மெதுவாக.

"சின்ன வயசுல அவ பொடவையப் பிட்சிகினு நின்னு கத்துகினவன் ஒர்த்தன்தான்."

இந்த வருடக் குருத்தோலை ஞாயிறன்று பூசை முடிந்து சைமன் ஜானட்டோடும் சாண்ட்ராவோடும் வீட்டுக்கு வரவில்லை. நைனாவுக்கு நாஷ்டா வாங்கிக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று ராயபுரம் போனான். ஜானட்டுக்கு நினைவிருந்தது. கஸ்பாருக்கும் நினைவிருந்தது.

"இட்லி வாங்கியாந்தான். நான் குளிச்சிகினு இருந்தேன். வந்து பாத்தா கதவாண்ட நின்னுகினு இருந்தான். இன்னாடான்னேன், ஒண்ணுமில்லன்னான்."

இருவரும் அந்தச் சின்னச் சிலுவையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்பாவுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று மகன் யாருக்கும் சொல்லாமல் வைத்தது. நான்கு நாள் முட்டிப் பார்த்துவிட்டு, பெரிய வியாழன் இரவு பூட்டு கத்தத் தொடங்கியது. அந்தப் பூட்டைச் சாட்சி வைத்துத்தான் அதே மகன், நீ தனியாக இருக்க லாயக்கில்லை என்று அப்பாவுக்குத் தீர்ப்பு எழுதினான்.

ஜானட்டுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். சாண்ட்ராவின் சுவர் அப்படியே இருக்கும். அடுத்த நொடியே சைமனின் முகம் நினைவுக்கு வந்தது. யாராவது தன் தவறைச் சுட்டிக் காட்டினால் மூன்று நாள் சாப்பிடாத ஆள் அவன். இதை எப்படி அவனிடம் சொல்வது?

ஓலையை எறிந்துவிட்டு, பேட்டரிதான் காரணம் என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொன்னால் சைமன் நம்ப மாட்டான், வண்டியில் ஏற்றிவிடுவான். உண்மையைச் சொன்னால், மாமனார் வரக்கூடாது என்று இவள் தேடிக் கண்டுபிடித்த காரணமாகத் தோன்றும். அதிலும் பொய் இல்லையே என்பதுதான் அவளைக் குத்தியது.

தெருவில் ஹாரன் கேட்டது. சாமான் ஏற்ற குட்டியானை வண்டி வந்துவிட்டது.

சைமன் இரண்டிரண்டு படியாக ஏறி வந்தான். கீழே நின்று வண்டிக்காரர் ஜெயவேல், "சார், கட்டில் மொதல்ல எறக்கினாதான் வசதி" என்று கூவினார். சைமன் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். வீட்டில் ஒரு பொருள்கூடக் கட்டப்படவில்லை என்பது அவன் கண்ணில் பட்டது.

"இன்னாம்மா, காலையிலருந்து இன்னா பண்ணிகினு இருந்த?"

"பின்னாடி கேட்டுதா?" என்றாள் ஜானட்.

"இன்னாது?"

"கதவு பூட்டிச்சே. எதனா சத்தம் கேட்டுதா?"

சைமன் திரும்பிப் பார்த்தான். கதவைத் திறந்தான். சாத்தினான். க்ளிக். மறுபடி திறந்து சாத்தினான். நாக்கு ஒரே மூச்சில் போய் உட்கார்ந்தது.

"நல்லாத்தானே கீது. இன்னா பண்ணீங்க?"

"உள்ள ஒண்ணு மாட்டிகினு இருந்துச்சி. எடுத்தேன்."

சைமனின் கை யோசிக்காமல் நிலைத் துளைக்குப் போனது. சுண்டுவிரலை உள்ளே விட்டுத் துழாவினான். ஒன்றுமில்லை. முகம் சிவந்தது.

"அத்த எட்த்தியா? யார கேட்டு எட்த்த? அது எங்கம்மா வெக்கற..."

பாதியில் நின்றுவிட்டான். தான் பேசுவது தன் காதிலேயே விழுந்துவிட்டது போலும். விரல் இன்னும் துளைக்குள் இருந்தது.

கஸ்பார் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். நசுங்கிய பக்கம் மேலே தெரிந்தது. பூட்டின் நாக்கு எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலத்துக்கு ஒரு பள்ளம்.

சைமன் விரலை வெளியே எடுத்து, சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"அம்மா இங்கதான நைனா வெக்கும். எத்தினி வருசம் வெச்சிருக்கு. ஒண்ணும் ஆவலியே."

"பயய பூட்டுக்கு நாக்கு குட்டடா. ரெண்டுத்துக்கும் எடம் இருந்துச்சி."

சைமன் அப்படியே கோணிப்பையின் மேல் உட்கார்ந்துவிட்டான். தலையைக் கையில் பிடித்துக்கொண்டான். ஜானட்டுக்கு அவன் பக்கத்தில் போக வேண்டும் போலிருந்தது, ஆனால் போகவில்லை. இது அவர்கள் இருவர் விஷயம்.

"உனுக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னுதான் வெச்சேன் நைனா."

"எனுக்கு ஒண்ணும் ஆவலியேடா" என்றார் கஸ்பார். "பூட்டுக்குத்தான ஆச்சு."

சைமன் நிமிர்ந்தான். சிரித்தானா அழுதானா என்று சொல்ல முடியாது, இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். எழுந்து, அப்பாவின் உள்ளங்கையிலிருந்து ஓலையை எடுத்தான். நசுங்கிய இடத்தை நகத்தால் நீவி நிமிர்த்தினான். மாதா படத்துக்குப் பக்கத்தில் ஆணி காலியாக இருந்தது. அதில் மாட்டினான்.

"அங்க நாக்கு எட்டாது" என்றார் கஸ்பார்.

"அப்பிடியே கெடக்கட்டும். அந்தப் பொம்பள சத்தத்தயும் வெச்சிட்டுப் போறேன். இனிமே அது கத்தினா போன் பண்ணு. வாயப் பொத்தாத. ஒரு மாசம் பாக்கலாம். பூட்டு ஒயுங்கா ஓட்ச்சின்னா நீ இங்கயே இரு. நான் பேசனது தப்புதான்."

கஸ்பார் தலையை ஆட்டினார். சந்தோஷப்பட்டுக் குதிப்பார் என்று ஜானட் எதிர்பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு துறைமுகத்தின் பக்கம் பார்த்தார்.

சைமன் பூட்டின் சத்தத்தைத் திருப்பி வைத்துவிட்டு, ஜெயவேலுக்கு ஒரு தேநீராவது வாங்கிக் கொடுத்து அனுப்புகிறேன் என்று கீழே இறங்கினான். மின்சாரம் வந்தது. மின்விசிறி கடகடக்க, தொலைக்காட்சி யாரும் தொடாமலே உரக்கப் பேசத் தொடங்கியது. ஜானட் போய் அதன் சத்தத்தைக் குறைத்துவிட்டு, கொண்டுவந்த கோணிகளை மடித்தாள். மனம் லேசாக இருந்தது. சாண்ட்ராவுக்குப் போன் செய்து படங்களைத் திருப்பி ஒட்டச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

வந்ததற்கு அவர் துணிகளையாவது துவைத்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்று, கதவுக்குப் பின்னால் தொங்கிய சட்டையை எடுத்தாள். புதன்கிழமை வாசலில் உட்கார்ந்திருந்தபோது போட்டிருந்த சட்டைதான், இன்னும் மீன் வாடை போகவில்லை.

"அத்த வுடும்மா" என்றார் கஸ்பார் சட்டென்று திரும்பி.

அதற்குள் அவள் வழக்கப்படி பையைத் தடவிவிட்டாள். கனமாக ஏதோ இருந்தது. எடுத்தாள்.

சாவி.

ஜானட் மாதா படத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஆணியில் குருத்தோலை இருந்தது. சைமன் மாட்டும்போது அந்த ஆணி காலியாக இருந்ததை அவளும்தான் பார்த்தாள். ஏன் காலி என்று இருவருக்கும் தோன்றவில்லை.

"மாமா" என்றாள். கடையில் கேட்கிற அதே கேள்விதான் வாயில் வந்தது. "இது எப்பத்துலருந்து ஜோபில கீது?"

கஸ்பார் நாற்காலியில் உட்கார்ந்தார். முட்டியைத் தேய்த்துக்கொண்டார்.

"ரெண்டு வாட்டி வெளிய மாட்டிகினேன் இல்ல. அப்பத்துலருந்து வெளிய போனா எட்துகினுதான் போறேன். எனுக்கு இன்னா புத்தி மழுங்கியா போச்சி?"

"புதன்கெழமயும் கையில இருந்துதா?"

தொலைக்காட்சியில் யாரோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"மொதல்ல எடுக்கலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள பாய் வந்துட்டாரு. ஸ்டூலப் போட்டாரு. சைமனுக்கு போன் போட்டுட்டேன், கெளம்பிட்டான், வந்துகினே கீறான்னாரு. சரி, வரட்டும்னு குந்திகினேன். மீன் போனா போவுது."

"வெயில்ல, மாமா. எவ்ளோ நேரம்."

"சாவியப் போட்டா கதவு தொறந்துக்கும் ஜானட். அவன் வரமாட்டானே."

ஜானட் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். என் பிணம்தான் இந்த வீட்டை விட்டுப் போகும் என்று மகனிடம் மல்லுக்கு நின்ற மனிதர். கூப்பிட்டால் வருவேன் என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வராது. கூப்பிடுங்கள் என்று கேட்க அதைவிடவும் வராது. அதனால் பையில் சாவியை வைத்துக்கொண்டு, பூட்டின் மேல் பழியைப் போட்டு, வெயிலில் உட்கார்ந்திருக்கிறார். இவளோ காலையிலிருந்து கண் மையும் கொண்டை ஊசியும் வைத்து, அவர் இங்கேயே இருந்துவிட வழி செய்திருக்கிறாள். கேட்ட வரம் கிடைத்துவிட்டது. அதை நினைத்தால் தன்மேலேயே கோபம் வந்தது.

"அவனாண்ட சொல்லிடாத" என்றார் கஸ்பார். "சிரிப்பான்."

"சிரிக்கமாட்டாரு மாமா."

"அப்போ அழுவான். அது அத்தவிட பேஜாரு."

கீழே வண்டி உறுமுகிற சத்தம் கேட்டது. சைமனின் குரல் படி வழியே ஏறி வந்தது.

"ஜானட், நாமளும் கெளம்பலாமா? சாண்ட்ரா தனியா கீது."

அவள் எழுந்தாள். சட்டையை அங்கேயே மாட்டினாள். சாவியை மாட்டவில்லை. கஸ்பார் அவள் கையையே பார்த்தார், திருப்பிக் கேட்கவில்லை. அவள் வெளியே வந்து கதவைச் சாத்த, உள்ளேயிருந்து அந்த இங்கிலீஷ்காரி, கதவு பூட்டப்பட்டது என்று தெளிவாகச் சொன்னாள்.

படியின் பாதியில் நின்று ஜானட் கேட்டாள்.

"ஜெயவேலண்ணே போய்ட்டாரா?"

"இப்பத்தான் வண்டியத் திருப்பிகினு கீறாரு. ஏன்?"

சந்தின் முனையில் குட்டியானை, எதிரே வந்த கன்டெய்னர் லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றிருந்தது. அங்கே ஏற்கெனவே மூன்று ஆட்டோக்கள் நெருக்கிக்கொண்டிருந்தன. சட்டென்று போய்விட முடியாது.

"ஏம்மா, இன்னா ஆச்சு?" என்றான் சைமன் மறுபடியும். "கைல இன்னாது?"